நீங்கள் ஓடினால் காப்பகத்துக்கு என்ன கிடைக்கும்?

மாரத்தானுக்குப் பெயர் கொடுத்து, கட்டணம் கட்டி, டி-ஷர்ட்டும் வாங்கியாகிவிட்டது. "வாயில்லா ஜீவன்களுக்காக ஓடுகிறேன்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று. இந்த நிமிஷம்வரை விலங்குக் காப்பகத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேரவில்லை. நீங்கள் கட்டிய கட்டணம் பந்தயத்தை நடத்துகிறவர்களுக்கு உரியது. சாலைத் தடுப்பு, தண்ணீர், ஆம்புலன்ஸ், பதக்கம், நேரத்தைக் குறிக்கும் சிப் என்று அது கரைந்துவிடும். நீங்கள் ஓடப்போவதைச் சொல்லி நாலு பேரிடம் கேட்டு, அவர்கள் கொடுப்பதுதான் காப்பகத்துக்குப் போகிற பணம். எனவே நீங்கள் பயிற்சி எடுக்க வேண்டியது இரண்டு வேலைகளுக்கு: ஓடுவதற்கும் கேட்பதற்கும். முதல் வேலைக்கு இணையத்தில் ஆயிரம் அட்டவணைகள் கிடைக்கின்றன. இரண்டாவதைச் சொல்லித்தர ஆள் குறைவு.

இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் வளர்த்தது லண்டன். கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் 1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில், தொண்டு அமைப்புகள் சில இடங்களை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ஓட விரும்புகிறவர், பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவுக்கு, நிதி திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1860-இல் மேரி டீல்பி என்ற பெண்மணி தொடங்கிய பழம்பெரும் நாய்க் காப்பகமான பாட்டர்சியின் பெயர் பொறித்த சட்டையோடு ஓடுகிறவர்களை அங்கே பார்க்கலாம். 2024 பந்தயத்தில் ஓடியவர்கள் எல்லா அமைப்புகளுக்கும் சேர்த்துத் திரட்டியது 7 கோடி பவுண்டுக்கு மேல். இந்தியாவில் 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான் கிட்டத்தட்ட இதே முறையைப் பின்பற்றுகிறது. நம் ஊர்ப் பக்கம் கோயம்புத்தூர் மாரத்தான் 2013 முதல் அங்குள்ள புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது.

ஒரு பந்தயத்துக்கென்று ஏற்கெனவே ஒரு நற்காரியம் இருந்தால், நீங்கள் வேறொன்றுக்குப் பணம் திரட்டக்கூடாது என்றில்லை. சென்னை மாரத்தானில் ஓடிக்கொண்டே ஒரு விலங்குக் காப்பகத்துக்காக உங்கள் வட்டத்தில் கேட்கலாம். பந்தயத்தின் பெயரையும் சின்னத்தையும் உங்கள் நன்கொடைச் சீட்டில் போட்டு, அவர்களே கேட்பதுபோல் காட்டாமல் இருந்தால் போதும்.

எவ்வளவு தூரம்?

மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. அந்த 195 மீட்டர் வால் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஒட்டிக்கொண்டது. விண்ட்சர் கோட்டையில் புறப்பட்டு, அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடியும்படி அன்று பாதை வகுத்தார்கள். 1921-இல் உலகத் தடகளச் சம்மேளனம் அதையே நிலையான தூரமாக்கிவிட்டது. யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலிக்காக உலகம் முழுக்க இன்றும் கடைசி மீட்டர்களைத் தள்ளாடியபடி கடக்கிறார்கள்.

நம் பந்தயங்களில் 10 கி.மீ., அரை மாரத்தானான 21.1 கி.மீ., முழு மாரத்தான் ஆகியவை உண்டு. சென்னையில் இவற்றுக்கு நடுவே 32 கி.மீ. பிரிவு ஒன்றும் நடத்துகிறார்கள். இன்றைய தேதியில் நிற்காமல் 10 கி.மீ. ஓட முடியாதவர், இந்த வருஷம் அரை மாரத்தானோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பணம் கொடுக்கிறவர் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள் என்பதற்காகக் கொடுக்கிறார். கூண்டில் படுத்திருக்கும் நாய்க்கோ 21-ம் 42-ம் ஒன்றுதான். முழங்காலைக் கெடுத்துக்கொண்டு பாதியில் விலகினால், கேட்பதும் பாதியில் நின்றுபோகும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்கள், நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு பிடிப்பதுபோல் உணர்ந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதில் வீரம் காட்ட இடமில்லை.

முதலில் காப்பகத்துக்குப் போங்கள்

ஓடத் தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, யாருக்காகக் கேட்கப்போகிறீர்களோ அந்த இடத்தை நேரில் பார்த்துவிடுங்கள். "நாய்களுக்கு உதவுங்கள்" என்ற வாக்கியத்துக்கு யாரும் பர்ஸைத் திறப்பதில்லை. கொடுக்கிறவர் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

சென்னையில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்ததிலிருந்து 1959-இல் பிறந்தது புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. 1964-இல் பதிவுபெற்ற அமைப்பானது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் மாநகராட்சிகளின் வழக்கமாக இருந்த அந்தக் காலத்திலேயே, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவிடும் முறையை அது வலியுறுத்தியது. 1990-களின் நடுவில் சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. 2001-இல் மத்திய அரசு அதை விதியாகவே கொண்டுவந்தது. இப்போது நடப்பில் இருப்பவை 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். 2025 நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிடித்ததை வைப்பதற்கு இடமும் சோறும் ஆளும் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

காப்பகத்தில் எதற்கு எவ்வளவு ஆகிறது என்று கேளுங்கள். ஒரு நாய்க்கு ஒரு நாள் சாப்பாடு, ஒரு கருத்தடை அறுவை, பார்வோ வைரஸ் நோய் கண்ட ஒரு குட்டிக்கு ஐந்தாறு நாள் டிரிப்ஸும் மருந்தும், ஆம்புலன்ஸ் ஒரு தடவை போய்வரும் செலவு. இந்த நாலைந்து எண்களை அவர்கள் வாயாலேயே வாங்கி எழுதிக்கொண்டால், பிறகு கேட்பது எளிது. பராமரிப்பவர்களின் சம்பளம், மின்சாரம், தண்ணீர் லாரி பற்றியும் கேளுங்கள். எந்தக் காப்பகத்திலும் மாதாமாதம் கழுத்தைப் பிடிப்பவை இவைதான். கால் ஒடிந்த குட்டியின் படத்தைப் போட்டால் பணம் வந்துவிடும். அந்தக் குட்டியின் கூண்டைத் தினமும் கழுவுகிற அம்மாவின் சம்பளத்துக்கு யாரும் படம் போடுவதில்லை. ஓட்டத்தின் பெயரால் கேட்கும் பணத்தில் ஒரு பங்கையாவது இப்படிப்பட்ட அலங்காரமில்லாத செலவுக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள் என்பேன்.

பார்க்கவேண்டிய காகிதங்களும் சில உண்டு. பதிவுபெற்ற அறக்கட்டளையா, சங்கமா. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடுகிறார்களா. வரிவிலக்குச் சான்று தர முடியுமா. காகிதம் காட்டத் தயங்குகிற இடத்துக்கு நீங்கள் ஜாமீன் நிற்க வேண்டியதில்லை. உங்கள் பேரை நம்பித்தான் உறவினர்கள் கொடுக்கப்போகிறார்கள்.

உடம்பைத் தயார் செய்வது

ஜனவரி தொடக்கத்தில் பந்தயம் என்றால், முழு மாரத்தானுக்கு ஆகஸ்ட் கடைசியில் பயிற்சி தொடங்க வேண்டும். பதினெட்டு வாரங்கள் தாராளமாகப் போதும். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம். அதில் மூன்று நாள் ஐந்து முதல் எட்டு கி.மீ., ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மீதி நாட்களில் இரண்டு முறை உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, இடுப்புக்கும் தொடைக்கும் வலுக்கூட்டும் பயிற்சிகள். ஒரு நாளாவது முழு ஓய்வு.

வேகத்தைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். தவறு நடப்பதும் அங்கேதான். பயிற்சி ஓட்டத்தில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் இருக்க வேண்டும். மூச்சு வாங்கி, ஒற்றைச் சொற்களில் பதில் சொல்கிறீர்கள் என்றால் வேகம் கூடிவிட்டது. மெதுவாக நெடுநேரம் ஓடும்போதுதான் இதயமும், தசைகளில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களும், கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் திறனும் வளர்கின்றன. எலும்பும் தசைநாணும் மூச்சைவிட மெதுவாகத்தான் பலப்படும். "இப்போதெல்லாம் மூச்சே வாங்குவதில்லை" என்று தூரத்தைத் தடாலென்று கூட்டுகிறவருக்கு கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் வலிக்கத் தொடங்குவது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை 12 கி.மீ.யில் தொடங்கி, வாரம் இரண்டு கி.மீ. கூட்டலாம். நாலாவது வாரம் குறைத்துக்கொண்டு, அதற்கடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து ஏறலாம். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது 30 முதல் 32 கி.மீ. வரை ஒருமுறை ஓடியிருந்தால் போதும். பயிற்சியிலேயே 42-ஐ ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அதிலிருந்து உடம்பு மீள்வதற்குள் பந்தயமே வந்துவிடும்.

இந்தப் பதினெட்டு வாரத்துக்கு நடுவேதான் வடகிழக்குப் பருவமழை வருகிறது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர்வரை சில ஞாயிறுகள் நிச்சயம் அடிபடும். தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடாதீர்கள். திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. எலிக்காய்ச்சல் கிருமி இருப்பதும் அந்தத் தண்ணீரில்தான். ஒரு வாரம் விட்டுப்போனால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்த ஞாயிறு இரண்டையும் சேர்த்து ஓடி ஈடுகட்டப் பார்ப்பவர்தான் பிசியோதெரபிஸ்டிடம் போய் நிற்பார்.

வெயிலைவிடச் சென்னையில் கொடுமை காற்றின் ஈரம். விடியற்காலையிலும் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நாலரை, ஐந்து மணிக்கே கிளம்பி, ஏழுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது நீண்ட ஓட்டத்துக்குச் சரிப்படாத ஆசை. முப்பது கி.மீ. ஓடுகிறவர் மூன்றரை மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். தனியாக வேண்டாம். சென்னை ரன்னர்ஸ் 2006-இல் தொடங்கிய அமைப்பு. பகுதிவாரியாகக் குழுக்கள் வைத்து ஓடுகிறார்கள். கோவை, மதுரை, திருச்சியிலும் இப்படிக் குழுக்கள் உண்டு. பெண்களுக்கு இருட்டு வேளையில் குழு என்பது வசதிக்கும் மேலான தேவை.

சாப்பாட்டில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கலோரி செலவாகும், 42 கி.மீ.க்கு 2,500 கலோரி. தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பது 2,000 கலோரிக்குள்தான். கொழுப்பும் கைகொடுக்கும், ஆனால் அது மெதுவாக எரியும். முப்பது கி.மீ. தாண்டியதும் கால் கல்லாகிப் போவதாக எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கு இடிக்கும் இடம். அதைத் தள்ளிப்போட, முதல் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கும். பேரீச்சை, வெல்லம், கடையில் விற்கும் ஜெல் எதுவானாலும் சரி. ஞாயிறு ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகியதையே பந்தய நாளன்றும் சாப்பிட வேண்டும். முந்தைய இரவு சாம்பார் சாதம், தயிர் சாதம். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ரொட்டியோ. புரோட்டாவும் பிரியாணியும் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்த பிறகு.

தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "நிறையக் குடி" என்பது பாதி உண்மை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு, அவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்ததைக் கண்டது; ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று வயிறு முட்டக் குடிப்பவர் இதில் எளிதில் மாட்டுவார். தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். தாகத்துக்குக் குடிப்பது, உப்பும் சேர்வது இரண்டும் வேண்டும். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பி ஓட முடியாது. ஓட்டத்துக்கு நடுவே வலி மாத்திரை போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கும். அதைச் செய்யவே வேண்டாம்.

ஷூ ஐந்நூறு முதல் எண்ணூறு கி.மீ.வரை உழைக்கும். புது ஷூவைப் பந்தயத்தன்று முதன்முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள். மற்ற துணி, கடிகாரம், கண்ணாடி எல்லாம் உங்கள் இஷ்டம்.

வழியில் வரும் நாய்

நாய்களுக்காக ஓடுகிறவரையும் நாய் துரத்தும். இருட்டில் வேகமாகக் கடந்துபோகும் எதையும் தன் எல்லைக்குள் வந்த அந்நியனாகத்தான் அது பார்க்கிறது. குரைத்துக்கொண்டு வந்தால் வேகம் கூட்டாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி, நடைக்கு மாறி, கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல், அதற்கு முதுகு காட்டாமல் மெல்ல விலகுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். தினமும் ஓடும் தெருவின் நாய்களுக்கு உங்கள் வாடை பழகிவிட்டால் தொந்தரவு இல்லை. தூரம் கூடக் கூடப் புதுத் தெருக்களுக்குப் போகும்போதுதான் கவனம் தேவை. காதின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்யப்பட்டு, அப்போதே தடுப்பூசியும் போடப்பட்ட நாய். அது நல்ல அடையாளம்தான், ஆனால் கடித்தால் ஊசி வேண்டாம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். ரத்தம் வரும்படியான காயத்துக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் முடிக்க வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. காப்பகத்துக்கு அடிக்கடி போய்வரப் போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

காப்பகத்து நாயைப் பந்தயத்துக்கு அழைத்துக்கொண்டு போய் உடன் ஓடவைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. நாய்க்கு நம்மைப்போல் வியர்க்காது; மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கூட்டமும் மைக் சத்தமும் தார்ச்சாலையும் அதற்குத் தண்டனை.

கேட்பது

பந்தயத்துக்கு முந்தின வாரம் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிட்டு, அதோடு விட்டுவிடுவதுதான் பலரின் வழக்கம். அதில் பத்துப் பேர் கைதட்டும் படம் அனுப்புவார்கள். மாரத்தானின் உண்மையான லாபம் அந்த ஒரு காலைப் பொழுதில் இல்லை, அதற்கு முந்தைய நாலு மாதத்தில் இருக்கிறது. வாராவாரம் சொல்வதற்கு உங்களிடம் ஏதோ ஒன்று இருக்கும். இந்த ஞாயிறு 18 கி.மீ., மழையில் நனைந்தபடி. காப்பகத்தில் போன வாரம் வந்த பூனைக்குட்டி இப்போது சாப்பிடுகிறது. இப்படிக் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தால், கேட்கும் நாளில் அவர்களுக்கு விஷயம் புதிதாக இருக்காது.

கேட்க வேண்டிய வரிசை உண்டு. முதலில் நீங்கள் ஒரு தொகை போடுங்கள். அடுத்து, மறுக்கவே மாட்டார்கள் என்று தெரிந்த ஏழெட்டுப் பேர்: கூடப்பிறந்தவர்கள், நெருங்கிய நண்பர்கள். கணக்கில் பூஜ்யம் இருக்கும்போது கொடுக்க வெளியாள் தயங்குவார். பாதி நிரம்பியிருந்தால் தானும் சேர்ந்துகொள்வார். அதற்குப் பிறகே அலுவலகம், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு, பள்ளித் தோழர்கள். குழுவில் போடுவதைவிடத் தனித்தனியாகப் பேர் சொல்லி எழுதுவது நாலு மடங்கு வேலை. பலனும் அதில்தான்.

தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "உங்களால் முடிந்தது" என்றால் எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று புரியாமல் பலர் தள்ளிப்போட்டுவிடுவார்கள். "சித்தப்பா, ஒரு நாய்க்குக் கருத்தடை பண்ண இவ்வளவு ஆகுதாம். நீங்க ஒண்ணுக்குப் பொறுப்பு எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டால் அவருக்கும் வேலை சுலபம். அறுபது பேர் தலைக்கு ஐந்நூறு ரூபாய் என்றால் முப்பதாயிரம். முதல் முறை ஓடுகிறவருக்கு அது எட்டக்கூடிய இலக்கு. அந்த அறுபது பேரில் ஐந்து பேரை மாதம் இருநூறு ரூபாய் தொடர்ந்து கொடுக்கச் சம்மதிக்க வைத்தால், அது காப்பகத்துக்கு ஒரு தடவை வரும் பெருந்தொகையைவிடப் பயன்படும். நாய்க்குத் தினமும் பசிக்கிறது.

"மனுஷனுக்கே இல்லை, நாய்க்கா?" என்று ஒருவராவது கேட்பார். வாதாட வேண்டாம். கருத்தடையும் தடுப்பூசியும் தெருவில் நடக்கிற குழந்தைக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அவர் விரும்பும் வேறு காரியத்துக்கு அவர் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். காப்பகத்தின் கணக்குக்கோ யு.பி.ஐ. எண்ணுக்கோ நேராகப் போகட்டும். குறிப்பில் உங்கள் பெயரைப் போடச் சொன்னால், உங்கள் வழியாக எவ்வளவு வந்தது என்று அவர்கள் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். நிதி திரட்டும் இணையத் தளங்கள் வழியாகக் கேட்டால், அவை பிடிக்கும் கட்டணத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில தளங்களில் "டிப்ஸ்" என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும். கொடுக்கிறவர் அதை நீக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள்.

80ஜி என்று நாம் பழகிய வருமான வரி விலக்கு, அதற்குப் பதிவுபெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்குத்தான். பான் எண் தர வேண்டும், ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் விலக்கு இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அறவே இல்லை. முன்பே சொல்லிவிட்டால் மார்ச் மாதத்தில் மனக்கசப்பு வராது.

வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர் இங்கே வந்து ரூபாயாகக் கொடுத்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு பெற்ற காப்பகம் மட்டும்தான் அதை வாங்க முடியும். அதுவும் புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கு வழியாக. அமெரிக்க மாமாவின் நூறு டாலரை உங்கள் கணக்கில் வாங்கி, ரூபாயாக்கிக் காப்பகத்துக்குக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்தாலும் சட்டச் சிக்கல்தான்.

கடைசி மூன்று வாரம்

நீண்ட ஓட்டத்தின் உச்சம் முடிந்ததும் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கால் பரபரக்கும், "பயிற்சி போதவில்லையோ" என்று மனசு அரிக்கும். இந்த நேரத்தில் புதிதாக ஓடிச் சேர்க்கக்கூடிய பலம் எதுவும் இல்லை. களைப்பு மட்டும்தான் சேரும். மிஞ்சுகிற அந்த நேரத்தைக் கேட்பதற்குச் செலவிடுங்கள். இதுவரை பதில் சொல்லாதவர்களுக்கு இரண்டாவது தடவை எழுதுவதற்கு இதுதான் சரியான காலம். பலர் மறுத்திருக்க மாட்டார்கள், மறந்திருப்பார்கள்.

பந்தயத்தன்று முதல் பத்து கி.மீ. வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். கூட்டமும் இருட்டும் கைதட்டலும் சேர்ந்து தள்ளும்; அதற்கு விட்டுக்கொடுத்தவர்கள் வெயில் ஏறியபின் நடந்துகொண்டிருப்பார்கள். நடப்பது அவமானம் இல்லை, வேண்டுமானால் தொடக்கத்திலிருந்தே ஒன்பது நிமிஷம் ஓடி ஒரு நிமிஷம் நடக்கலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல், திடீரென்று வியர்வை நிற்பது இவற்றில் எது வந்தாலும் பக்கத்துத் தன்னார்வலரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பாதியில் நின்றதற்காகக் கொடுத்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

எல்லைக்கோட்டைத் தாண்டிய அன்று மாலையே பதக்கத்தோடு ஒரு படம் அனுப்புங்கள். இன்னும் கொடுக்காதவர்கள் அன்றுதான் கொடுப்பார்கள். பத்து நாளைக்குள் காப்பகத்திடமிருந்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கி, எதற்குச் செலவாகப் போகிறது என்ற விவரத்தோடு, கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பிவையுங்கள். வரிச் சான்று வர வேண்டியவர்களுக்கு வந்ததா என்று விசாரியுங்கள். அடுத்த வருஷமும் இவர்களிடம்தான் கேட்கப்போகிறீர்கள்.